இடியப்பம் அனுப்பினால் ‘இடி’ மட்டும் வருகிறது

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, சித்தப்பாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பைதனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காசு வாங்குகிற மேசையில் ஓடர் அடித்தால் குசினியில் இருக்கிற ஸ்கிரீனில் வரவேண்டும். வீட்டில் ஒரே லேப்டொப்பில் ஓடவிட்டபோது ஒரு பிழையும் இல்லை. கடையில் சனம் கூடினால் இரண்டு ஓடர் ஒட்டிக்கொண்டு வருகிறது. இடையில் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிற ஸ்லீப் போட்டேன், குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிறகு நண்பன் சொன்னபடி ஒவ்வொரு ஓடருக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் அடித்தால் சரி. தமிழில் இடியப்பம் என்று அடித்தால் ‘இடி’ மட்டும் வந்து, அடுத்து எதுவுமே வராமல் ஸ்கிரீன் நின்றுவிடுகிறது.”

தம்பி, முதலில் அந்த ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். அது பிழையைத் திருத்தவில்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறது.

உங்கள் இரண்டு கொம்பியூட்டரும் பேசிக்கொள்ளும் டிசிபி என்ற இணைப்பு முறைக்கு ‘செய்தி’ என்ற ஒன்றே தெரியாது. 1981இல் வெளிவந்த அதன் வரையறையிலேயே அது தொடர்ந்து ஓடும் பைட் வரிசை மட்டும்தான். கிணற்றடியில் நின்று இரண்டு வாளி தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினால், வெங்காயப் பாத்தியில் நிற்பவருக்கு எது முதல் வாளி, எது இரண்டாவது என்று தெரியுமா? தண்ணீர் ஒழுங்காக வந்து சேரும், அவ்வளவுதான். அதேபோல் நீங்கள் இரண்டு முறை சென்ட் செய்தது மறுபக்கம் ஒரே ரெசீவில் வரலாம், ஒரு சென்ட் மூன்று துண்டாகவும் வரலாம். பைட் தொலையாது, வரிசை மாறாது, ஆனால் எல்லை எங்கே என்பதை நீங்கள்தான் குறிக்கவேண்டும். ஒரே லேப்டொப்பில் தரவு வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றி வருவதாலும், நீங்கள் ஆறுதலாக ஒவ்வொன்றாக அடித்ததாலும் இது வெளியே தெரியவில்லை. நேகல் முறையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 1984இல் ஜோன் நேகல் முன்வைத்த அந்த முறை சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்புவதற்கானது. அதை நிறுத்தினால் தாமதம் குறையலாம், எல்லை ஒருபோதும் வராது.

ஆகவே நீளத்தை முன்னால் அனுப்பச் சொன்ன உங்கள் நண்பர் சொன்னது சரிதான். நீங்கள் எண்ணியதுதான் பிழை.

இடியப்பம் என்பதில் நாங்கள் எண்ணினால் 6 எழுத்து. பைதனிடம் நீளம் சொல்லும் லென்னைக் கேட்டால் 9 என்று சொல்லும், ஏனென்றால் டி என்பது ட ஒன்று, அதன் இகரக் குறி ஒன்று, புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே இரண்டு. எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறையான யூடிஎஃப்-8 ஆக்கினால் அந்த 9 குறிகளும் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 27. நீங்கள் நீளம் 9 என்று எழுதி 27 பைட் அனுப்பியிருக்கிறீர்கள். குசினிப் பக்கம் சொன்னபடி 9 பைட் எடுத்தது, அது இ, ட, டகரத்தின் இகரக் குறி. அதாவது ‘இடி’. மிச்சம் 18 பைட் வாய்க்காலிலேயே கிடக்கிறது. அடுத்து வருவது ஒரு நீளம் என்று நம்பி, ‘ய’வின் 3 பைட்டையும் ‘ப’வின் முதல் பைட்டையும் சேர்த்து ஓர் எண்ணாக வாசிக்கிறது. பெரிய பைட் முன்னால் வரும் வரிசையில் அந்த எண் 3769544672. இப்போது உங்கள் ஸ்கிரீன் 376 கோடிக்கும் மேற்பட்ட பைட் வரும்வரை காத்துக்கொண்டிருக்கிறது. அது நின்றுவிடவில்லை தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது! ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால்தான் அங்கே பிழை பிடிபடவில்லை. தமிழில் எழுதுகிற எங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

திருத்தம் சின்னது. முதலில் என்கோட் செய்யுங்கள் (எழுத்தைப் பைட்டாக்குங்கள்), அப்புறம் வந்த பைட்டுகளை எண்ணுங்கள், அந்த எண்ணை அனுப்புங்கள். அனுப்புவதற்குச் சென்ட் வேண்டாம், எல்லாம் போகும்வரை அனுப்புகிற சென்ட்ஆல் பாவியுங்கள், சென்ட் பாதியை மட்டும் அனுப்பிவிட்டு எத்தனை போனது என்று சொல்லிவிட்டுத் திரும்பக்கூடும். எடுக்கிற பக்கத்தில் ‘இத்தனை பைட் முழுதாகச் சேரும்வரை திரும்பத் திரும்ப ரெசீவ் செய்’ என்று ஒரு தனி ஃபங்ஷன் எழுதி, முதலில் 4 பைட்டுக்கும் பிறகு ஓடரின் உடலுக்கும் அதையே கூப்பிடுங்கள். ரெசீவுக்கு 1024 என்று கொடுத்தால் அதற்கு மேல் தராது என்றுதான் பொருள், 1024 கட்டாயம் தரும் என்று இல்லை. முழுதும் சேரமுன் டிகோட் செய்யவும் (பைட்டை எழுத்தாக்கவும்) கூடாது: வெறும் தமிழாக இருந்தால் 1024இல் 341 குறி முழுதாக வரும், 342ஆவது ஒரு பைட்டோடு வெட்டுப்பட்டு நிற்கும். ரெசீவ் வெறுமையாகத் திரும்பினால் மறுபக்கம் இணைப்பை மூடிவிட்டது என்று அர்த்தம், சுற்றிலிருந்து வெளியே வந்து புதிதாக இணையுங்கள். ஆனால் கரண்ட் போய் மற்றக் கொம்பியூட்டர் நின்றால் இந்த வெறுமைகூட வராது, அதற்காகச் சில விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சின்னச் செய்தி அனுப்புவது நல்லது.

நீளத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். ஒரு ஓடர் 64 கிலோபைட்டைத் தாண்டுமா? தாண்டினால் அது ஓடரே இல்லை, இணைப்பை மூடுங்கள்.

நீளமே வேண்டாம் என்றால் ஒவ்வொரு ஓடரின் முடிவிலும் புதுவரிக் குறி வைத்தும் பிரிக்கலாம். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் குறையாது, ஆகவே 10 என்ற புதுவரிப் பைட் எழுத்தின் நடுவில் வரவே வராது. ‘உறைப்புக் குறைவு’ என்று குறிப்பு எழுதுகிறவர் இடையில் என்டர் தட்டினால் மட்டும் குழம்பும், அதை, என்டரை வேறு குறியாக மாற்றி எழுதும் ஜேசன் வடிவம் ஆக்கி அனுப்பினால் தீரும். எனக்கென்றால், பாதி எழுதிவிட்டீர்கள், நீளத்தோடேயே போங்கள்.

கடைக்குக் கொண்டுபோக முன் இரண்டு சோதனை. இடியப்பத்தை நீளத்தோடு சேர்த்து ஒவ்வொரு பைட்டாக, இடையில் அரை விநாடி விட்டு அனுப்பிப் பாருங்கள். பிறகு பத்து ஓடரை ஒன்றாக ஒட்டி ஒரே சென்ட்ஆலில் அனுப்புங்கள். முதலாவதில் ஒரு ஓடரும் இரண்டாவதில் பத்தும் தனித்தனியாக வந்தால் குசினியில் பூட்டிவிடலாம்.