ஆன்லைன் லாஜிக் புதிர்ப் போட்டியில் ஒரே புதிருக்கு இரண்டு விடை வந்தால் தவறு யாருடையது?

கேள்வி இதுதான்: போட்டியில் ஒரு புதிருக்கு ஒருவர் கண்ட விடை, விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாலும் பொருந்துகிறது. ஆனால் தளம் ‘தவறு’ என்கிறது. புதிரில் பிழையா, விதியில் பிழையா, தீர்த்தவரிடம் பிழையா? நடத்துபவர்கள் இதை முன்கூட்டியே எப்படித் தடுப்பது?

‘ஒரே விடை’ என்பது படத்துக்கு மட்டும் உரிய குணம் அல்ல. படமும் விதி வாசகமும் சேர்ந்தால்தான் அது உண்டாகும். அதே கட்டங்கள், அதே எண்கள் இருந்தாலும் விதியில் ஒரு சொல் விடுபட்டால் விடை இரண்டாகும், சில நேரம் இருபதாகும். ‘இந்தப் புதிருக்கு இரண்டு விடை’ என்று கிளம்பும் சண்டைகளில் பல, விதி வாசகத்தில் உள்ள ஓட்டையைப் பற்றியவை. புதிர் உண்மையிலேயே உடைந்திருப்பது அதைவிட அரிது. எனவே முதலில் விதியைப் பாருங்கள், படத்தைப் பிறகு பார்க்கலாம்.

எந்த இடங்களில் ஓட்டை விழும் என்பது புதிர் வகைக்கு வகை ஏறக்குறைய நிலையானது. கப்பல் புதிரில் இரண்டு கப்பல்கள் மூலையால் தொட்டுக்கொள்ளலாமா? பாம்புப் புதிரில் பாம்பு தன் உடலை மூலையில் தொடலாமா? கண்ணிவெடிப் புதிரில் எண் உள்ள கட்டத்திலேயே வெடி இருக்கலாமா? ஒரே எண்களைக் கோட்டால் இணைக்கும் நம்பர்லிங்கில் எல்லாக் கட்டங்களும் கோட்டால் நிரம்ப வேண்டுமா? எண் எத்தனையோ அத்தனை கட்டங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கும் பில்லோமினோவில் ஓர் எண்கூடத் தரப்படாத பகுதி ஒளிந்திருக்கலாமா? ஐந்து கட்டங்கள் ஒட்டிய பென்டோமினோ துண்டுகளைச் சுழற்றலாம் என்று மட்டும் எழுதிவிட்டு, புரட்டிப் போடுவதைச் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கும். புரட்டலாம் என்றால் துண்டுகள் 12 வகை, புரட்டக் கூடாது என்றால் 18 வகை. இரண்டும் வேறு வேறு புதிர்கள்.

கில்லர் சுடோகுவில் (சில கட்டங்களைக் ‘கூண்டு’ என்று சேர்த்து, அவற்றின் எண்களின் கூட்டுத்தொகையைக் குறிப்பாகத் தரும் சுடோகு) இதைக் கணக்காகவே பார்க்கலாம். ‘எல்’ வடிவக் கூண்டில் மூன்று கட்டங்கள், கூட்டுத்தொகை 6. கூண்டுக்குள் எண் திரும்ப வரக் கூடாது என்றால் 1, 2, 3 மட்டுமே சாத்தியம். அந்தச் சொற்றொடர் விதியில் இல்லை, கூண்டும் இரண்டு பெட்டிகளின் எல்லையைத் தாண்டி நிற்கிறது என்று வையுங்கள். அப்போது மூலைக் கட்டத்தில் 4, இரு முனைகளிலும் 1 என்பதும் செல்லும், ஏனெனில் முனைக் கட்டங்கள் இரண்டும் வேறு வரிசை, வேறு நெடுவரிசை, வேறு பெட்டி. அனுபவசாலிகளுக்கு ‘கில்லர் என்றால் திரும்ப வராது’ என்பது பழக்கத்தில் ஊறியது. புதிதாக வருபவருக்குத் தாளில் இருப்பது மட்டும்தான் விதி. போட்டியில் அவர் சொல்வதுதான் சரி.

இன்னொரு பொறி, ‘குறி இல்லாததும் ஒரு குறிப்பு’ என்ற விதி. க்ரோப்கி என்ற எண் புதிரில் அருகருகே உள்ள இரண்டு கட்டங்களின் எண்களுக்கு வித்தியாசம் 1 என்றால் அவற்றின் எல்லையில் வெள்ளைப் புள்ளி, ஒன்று மற்றதன் இருமடங்கு என்றால் கருப்புப் புள்ளி. ‘இருக்க வேண்டிய எல்லாப் புள்ளிகளும் தரப்பட்டுள்ளன’ என்ற ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் புதிரின் உயிர் இருக்கிறது. அந்த வரி இருந்தால் புள்ளி இல்லாத ஒவ்வோர் எல்லையும் ஒரு தடை. இல்லாவிட்டால் அது வெறும் கோடு. 1-க்கும் 2-க்கும் நடுவே எந்தப் புள்ளி என்பதையும் சொல்லியாக வேண்டும், இரண்டு நிபந்தனையும் அங்கே பொருந்துவதால். ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்பதே வழக்கமான விதி, ஆனாலும் எழுதிவிடுவது நல்லது.

இனி விதி தெளிவாக இருந்தும் புதிர் உடைந்திருப்பதைப் பார்ப்போம். நிறைய எண்களைக் கொடுத்தால் விடை ஒன்றாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இந்த 4×4 சுடோகுவைப் பாருங்கள்:

1 2 3 4
3 4 1 2
2 1 4 3
4 3 2 1

முதல் இரண்டு வரிசைகளில் முதலாவது, மூன்றாவது இடங்களை மட்டும் காலியாக விடுங்கள். 16 கட்டங்களில் 12 தரப்பட்டுவிட்டன. ஆனாலும் காலியான நான்கில் 1, 3 / 3, 1 என்றும் போடலாம், 3, 1 / 1, 3 என்றும் போடலாம். வரிசை, நெடுவரிசை, பெட்டி எதுவும் கெடாது. இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டே இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கும் இந்தச் செவ்வகமே பல உடைந்த சுடோகுகளுக்குக் காரணம். 9×9-இல் 77 எண்கள் கொடுத்து நான்கே கட்டங்களைக் காலியாக விட்டாலும் இதே கதை நடக்கலாம். அந்த நான்கில் ஒன்றைக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. மறுபக்கம், சாதாரண 9×9 சுடோகுவுக்கு 17 எண்களே போதுமானதாக இருக்கலாம். 16 எண்களில் ஒரே விடையுள்ள சுடோகு கிடையாது என்பது 2012-இல் கணினி வழியாக முழுமையாகத் தேடி நிறுவப்பட்டது. ஒன்பது எண்களில் இரண்டு ஒருமுறைகூடத் தரப்படவில்லை என்றால் சோதிக்கவே தேவையில்லை: அந்த இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றினால் இரண்டாவது விடை தயார். தெர்மோ (வெப்பமானி வடிவங்களில் எண்கள் ஏறுவரிசையில் வரும் சுடோகு), கில்லர் போன்ற வகைகளுக்கு இது பொருந்தாது. அங்கே எண்களின் அளவைக் குறிப்புகளே கட்டுப்படுத்துவதால் ஓர் எண்கூடத் தராமல் புதிர் அமைக்கலாம்.

புதிரைக் கையால் தீர்த்து முடித்ததே ஒரே விடைக்குச் சான்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வோர் அடியிலும் ‘இங்கே வேறெதுவும் வர முடியாது’ என்ற காரணத்தால் நகர்ந்திருந்தால் அது சான்றுதான். ஆனால் தேர்ந்தவர்கள் ‘இப்படிப் போட்டால் மேலே சொன்ன செவ்வகம் வந்துவிடும், அதனால் இப்படி இருக்காது’ என்று குறுக்குவழியில் போவார்கள். போட்டியாளர் அப்படிச் செய்வதில் தவறில்லை. ஒரே விடை என்று நடத்துபவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதைப் பயன்படுத்துவதும் திறமைதான். சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சால்வர் அதே வழியில் போனால் சோதனை வீண். எதை நிறுவ வேண்டுமோ அதையே வைத்துக்கொண்டு தீர்த்திருக்கிறார் அவர். உடைந்த புதிரும் அவர் கையில் அழகாக முடியும். எனவே டெஸ்ட் சால்வர்களில் ஒருவரிடமாவது ‘ஒரே விடை என்று எண்ணாமல் தீர்த்துத் தாருங்கள்’ என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

கணினியை நம்பலாமா என்றால், நம்பலாம், பாதி அளவுக்கு. எல்லா விடைகளையும் எண்ண வேண்டாம். ஒரு விடை கிடைத்ததும் ‘இதே விடை மீண்டும் வரக் கூடாது’ என்ற நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது கிடைக்காவிட்டால் விடை ஒன்றே. சாட் சால்வர் (ஆம்/இல்லை நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றும் விடையைத் தேடும் நிரல்) கொண்டு செய்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்லிதர்லிங்க், மாசியு போன்ற வளையப் புதிர்களில் ‘ஒரே வளையம்’ என்பதைக் காட்ட, கட்டங்களுக்கு வரிசை எண் போன்ற துணை மாறிகளைச் சேர்ப்பார்கள். விலக்கும் நிபந்தனையில் அந்தத் துணை மாறிகளும் நுழைந்துவிட்டால், வளையம் அதேதான், வரிசை எண் தொடங்கும் இடம் மட்டும் வேறு, ஆனால் நிரல் ‘இரண்டாவது விடை’ என்று அறிவிக்கும். வளையத்துக்குத் திசை கொடுத்து எழுதியிருந்தால் வலஞ்சுழி ஒன்று, இடஞ்சுழி ஒன்று என்று இரண்டாகக் காட்டும். விலக்க வேண்டியது தாளில் தெரியும் கோடுகளை மட்டுமே.

பெரிய ஆபத்து வேறு. நிரல் எழுதியவரும் புதிர் அமைத்தவரும் ஒருவரே என்றால், விதியைப் பற்றி அவர் மனதில் இருப்பதைத்தான் நிரல் சோதிக்கும். தாளில் எழுதாமல் விட்ட ‘மூலையிலும் தொடக் கூடாது’ நிரலுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், நிரலும் ‘ஒரே விடை’ என்று சான்றிதழ் கொடுக்கும். அந்த ஓட்டை, விதித் தாளை மட்டுமே பார்த்துத் தீர்க்கும் மனிதரின் கண்ணுக்குத்தான் படும். அந்த வகையை இதற்கு முன் தீர்க்காதவர் கிடைத்தால் பொன் போல, ஏனென்றால் பழக்கத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

சோதனை எந்தக் கோப்பின்மேல் நடக்கிறது என்பதும் முக்கியம். மூலக் கோப்பில் சரியாக இருந்த எண் பிடிஎஃபில் விடுபடும், தடித்த எல்லைக்கோடு மெலிந்துபோகும், வண்ணத்தால் பிரித்த பகுதிகள் கருப்பு வெள்ளை அச்சில் ஒன்றாகும். வெளியாகப்போகும் இறுதி பிடிஎஃபைப் பார்த்து, அமைத்தவர் அல்லாத ஒருவர் குறிப்புகளைக் கையால் நிரலில் தட்டச்சு செய்து ஓட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

விதிக் கையேட்டில் வரும் உதாரணப் புதிரை அலங்காரமாக நினைக்கிறார்கள். உண்மையில் விதி வாசகத்துக்கு அதுவே காவல். கப்பல்கள் மூலையில் தொடலாம் என்றால் உதாரண விடையில் இரண்டு கப்பல்கள் மூலையில் தொட்டிருக்கட்டும். விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு தீர்த்தால் உதாரணத்துக்கு விடையே வராத மாதிரி அமைத்தால் இன்னும் நல்லது. வாசகர் அங்கேயே தடுக்கி விழுந்து போட்டிக்கு முன்பே கேள்வி கேட்பார். உலகப் புதிர்க் கூட்டமைப்பின் கிராண்ட் பிரீ சுற்றுகளும் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா போட்டிகளும் விதிகள், உதாரணங்கள், மதிப்பெண்கள் கொண்ட கையேட்டைப் போட்டிக்கு முன்பே வெளியிடுகின்றன. கேள்விக்கு அவகாசம் தரத்தான் அந்த இடைவெளி.

எது ‘வேறு விடை’ என்பதையும் சொல்லியாக வேண்டும். கருப்புக் கட்டங்கள் அதே, ஆனால் அவற்றை இரண்டு விதமாகத் துண்டுகளாகப் பிரிக்க முடிகிறது. இது ஒரு விடையா, இரண்டா? கருப்பாக்குவது மட்டுமே கேட்கப்பட்டிருந்தால் ஒன்று. துண்டுகளின் எல்லையும் விடையின் பகுதி என்றால் இரண்டு. பாம்பின் தலையும் வாலும் இடம் மாறினால்? தலை எதுவென்று கேட்டிருந்தால் மட்டுமே அது கணக்கு.

இங்கேதான் ஆன்சர் கீ, அதாவது முழு விடைக்குப் பதிலாகப் போட்டியாளர் தட்டச்சு செய்து அனுப்பும் சுருக்க விடை, வருகிறது. முழு விடையையும் தட்டச்சு செய்ய முடியாது என்பதால், குறியிட்ட ஓரிரு வரிசைகளின் உள்ளடக்கத்தை மட்டும் கேட்பது வழக்கம்: எண் புதிரில் இடமிருந்து வலமாக எண்கள், கருப்பாக்கும் புதிரில் தொடர்ந்து வரும் கருப்புத் துண்டுகளின் நீளங்கள். இரட்டை இலக்கம் வந்தால் கடைசி இலக்கம் மட்டுமா, முழு எண்ணுமா? வரிசையில் கருப்பே இல்லை என்றால் 0 போட வேண்டுமா, காலியாக விட வேண்டுமா? இவை எழுதப்படாவிட்டால் சரியான விடையும் தவறாகும். கீ வரிசை தேர்வும் கவனம் கேட்கும். புதிரின் தொடக்கத்திலேயே நிரம்பிவிடும் வரிசையைக் கேட்டால் பாதி தீர்த்தவரும் முழு மதிப்பெண் பெறுவார். கடைசியில் முடிவாகும் கட்டங்கள் கீயில் இருக்க வேண்டும். பென்பா போன்ற வலைக் கருவிகளின் விடைச் சரிபார்ப்பு, அமைத்தவர் சேமித்து வைத்த ஒரு விடையோடு ஒப்பிடுவது மட்டுமே. விதிகள் அதற்குத் தெரியாது. எனவே அது ‘தவறு’ என்பதால் உங்கள் விடை விதியை மீறியது என்று ஆகாது.

போட்டி ஓடும்போது இரண்டு விடை தெரிந்தால் நேரத்தை வாதத்தில் செலவழிக்க வேண்டாம். குறிப்புகளைச் சரியாகப் பார்த்தோமா என்று ஒருமுறை பாருங்கள். வளையப் புதிரில் இரண்டு தனி வளையங்கள் ஆகிவிட்டனவா, கட்டங்களைக் கருப்பாக்கும் நூரிகாபேயில் கருப்பு இரண்டாகப் பிரிந்ததா அல்லது 2×2 கருப்புச் சதுரம் வந்ததா என்று பாருங்கள். ‘இரண்டாவது விடை’ பெரும்பாலும் இங்கேதான் உதிரும். தாண்டிவிட்டால், இரண்டு விடைக்கும் ஆன்சர் கீ ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால் அனுப்பிவிட்டு நகருங்கள். வேறு என்றால் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த புதிருக்குப் போங்கள். தவறான ஒவ்வோர் அனுப்புதலுக்கும் மதிப்பெண் குறையும் போட்டிகளில் மாற்றி மாற்றி அனுப்புவது நஷ்டம்.

புகாரை நடத்துபவருக்குத் தனியாக அனுப்புங்கள். போட்டி சில நாள் திறந்திருந்து, அவரவர் தமக்கு வசதியான 90 நிமிடத்தில் எழுதும் முறையில், நீங்கள் பொதுவில் போடும் ஒரு வரியே இன்னும் தொடங்காதவருக்குக் குறிப்பாகிவிடும். புகாரில் புதிர் எண், இரண்டு முழு விடைகள், எந்தக் கட்டங்களில் அவை வேறுபடுகின்றன, விதியின் எந்த வாக்கியம் இரு பொருள் தருகிறது ஆகியவை இருந்தால் போதும். ‘உங்கள் புதிர் தவறு’ என்று மட்டும் எழுதினால் பதில் வரத் தாமதமாகும்.

நடத்துபவர் பக்கம்: போட்டி தொடங்குவதற்கு முன் வந்த கேள்விக்கான பதிலை, கேட்டவருக்கு மட்டும் சொல்லாமல், கையேட்டிலேயே திருத்தி, திருத்திய நேரத்தோடு எல்லாருக்கும் காட்ட வேண்டும். தொடங்கிய பிறகு ஓட்டை தெரிந்தால் விளக்கம் கொடுப்பதைவிட, இரண்டு பொருளிலும் வரும் விடைகளை ஏற்பதே நியாயம் என்பேன். ஏற்கெனவே எழுதி முடித்தவரிடம் விளக்கம் போய்ச் சேராது. இறக்கிவைத்த பிடிஎஃபும் தானாகத் திருந்தாது.

புதிரே உடைந்திருந்தால் விதிக்குப் பொருந்தும் எல்லா விடைகளையும் ஏற்று மதிப்பெண் கொடுப்பது முதல் தெரிவு. விடையே இல்லாத புதிர் என்றால் நீக்கத்தான் வேண்டும். நீக்கினால் அதில் பத்து நிமிடம் மூழ்கியவர் இழக்கிறார், எல்லாருக்கும் மதிப்பெண் கொடுத்தால் தொடாதவரும் லாபம் பெறுகிறார். இரண்டில் எது என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவு வந்த பிறகு தேர்ந்தெடுத்தால், எதைத் தேர்ந்தாலும் யாருக்கோ சாதகமாகச் செய்ததாகவே தெரியும்.