சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடல் மெலிந்துபோகும் அனோரெக்சியா நோய், ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையில் வருவதுதானே?

சிலருக்கு அந்த ஆசையில் தொடங்கும். அதற்கு மேல் அதற்குப் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டயட் இருக்கிறேன் என்று கிளம்புபவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. பெரும்பாலோர் இரண்டாம் வாரமே பரோட்டாவுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருத்தியால் மட்டும் ஏன் திரும்ப முடிவதில்லை?

என் சித்தி மகளுக்குக் கல்லூரி முதலாண்டில் இந்த நோய் வந்தது. "குண்டாகிவிடுவேன்" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "வயிறு திம்மென்று இருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது" என்பாள். எனவே முதலில் குடல் மருத்துவர், எண்டோஸ்கோப்பி. மாதவிலக்கு நின்றதும் மகளிர் மருத்துவர். நடுவில் ஒரு மந்திரிப்பு. மனநல மருத்துவரிடம் போனது கடைசியில்தான். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களிலேயே இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: உடல் பருத்துவிடும் என்ற பயமே இல்லாமல், வயிற்று உப்புசத்தைச் சொல்லிச் சாப்பாட்டை ஒதுக்கிய நோயாளிகள். எல்லாப் பழியையும் விளம்பரப் பெண்கள் மீது போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்குப் புரியாமல் இருந்தது வேறு. அவளே அடுப்படியில் நின்று எல்லோருக்கும் நெய் தோசை வார்ப்பாள். நாங்கள் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். இரவெல்லாம் சமையல் வீடியோ. தன் தட்டில் மட்டும் ஒரு இட்லியை மிளகளவு பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நடிக்கிறாள்" என்றார் சித்தி.

நடிப்பல்ல, பட்டினி செய்யும் வேலை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்களை அவர்கள் சம்மதத்துடன் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அழகு மோகத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களும் சமையல் குறிப்பு சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒருவேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்துத் தின்றார்கள், சிடுசிடுத்தார்கள், ஆள் பழக்கத்தை விட்டு ஒதுங்கினார்கள்.

ஆனால் அவர்கள் சோற்றுக்கு ஏங்கினார்கள். இவளோ கிடைத்தும் ஒதுக்கினாள். அந்த வேறுபாட்டில் பிறவிக் கூறுக்குப் பெரிய இடம் உண்டு. இரட்டையர் ஆய்வுகள் பல, ஏறக்குறைய பாதி அளவுக்குப் பரம்பரையைக் காட்டுகின்றன. ஏறக்குறைய 17,000 நோயாளிகளை வைத்து 2019இல் வந்த மரபணு ஆய்வு, மனநோய்க் கூறுகளோடு உணவை உடல் சக்தியாக்கும் வளர்சிதை மாற்றக் கூறுகளும் இதில் கலந்திருப்பதாகச் சொன்னது. இயல்பிலேயே பதற்றமும், எதிலும் குறை வரக்கூடாது என்ற பிடிவாதமும் உள்ளவர்களில் சிலருக்குப் பட்டினி மனதை அமைதியாக்கிவிடுகிறது. தேர்வு, கேலி, காய்ச்சல் என எதனால் எடை குறைந்தாலும் அவர்கள் அதில் சிக்கிக்கொள்ளலாம்.

சாப்பாடு சார்ந்த இன்னொரு நோயும் உண்டு: அளவின்றி உண்டு வாந்தியெடுக்கும் புலிமியா. அதை 1979இல் ஜெரால்ட் ரஸல் தனி நோயாக விவரித்தார். எடை பெரும்பாலும் சாதாரணமாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சில நேரம் பற்சிதைவைப் பார்த்துப் பல் மருத்துவர்தான் கண்டுபிடிப்பார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், காரணத்தைத் தோண்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். "முதல் மருந்து சாப்பாடு" என்று எங்கள் மருத்துவர் சொன்ன பிறகு, வேளாவேளைக்குச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். மிகவும் மெலிந்தவர்களுக்கு ஒரேயடியாக ஊட்டிவிடவும் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம், அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.