இணைப்பு விமானம் தவறினால் யார் பொறுப்பு?

பட்ஜெட் விமானங்களில் நடுவே மாறிச் செல்வது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில், பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஏர் ஏசியாவில் கோலாலம்பூர், அங்கிருந்து பாத்திக் ஏரில் பாலி என இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் ஒருவருக்கு ஆறாயிரம் ரூபாய் குறைகிறது. இடைவெளி 2 மணி 10 நிமிடம். நாங்கள் நான்கு பேர். இரண்டு பெட்டிகளை லக்கேஜில் போடுவோம். நேரம் போதுமா? (திருச்சி வாசகர்)

போதாது. உங்கள் கையில் இருப்பது 2 மணி 10 நிமிடம் அல்ல என்பதை முதலில் பார்க்க வேண்டும். பன்னாட்டு விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவது பரவலான வழக்கம் என்பதால், உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 70 நிமிடம்தான். ஏர் ஏசியா இறங்குவது கோலாலம்பூரின் டெர்மினல் 2-இல். பாத்திக் ஏர் புறப்படுவது டெர்மினல் 1-இல். இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள். ஆகவே அந்த 70 நிமிடத்துக்குள் விமானம் ஓடுபாதையிலிருந்து வாயிலுக்கு வந்து நிற்க வேண்டும். நீங்கள் இறங்கி நீண்ட நடைவழியைக் கடக்க வேண்டும். இமிக்ரேஷன் வரிசையில் நின்று முத்திரை பெற வேண்டும். பெட்டிகள் பெல்ட்டில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ரயிலைப் பிடித்து அடுத்த டெர்மினலுக்குப் போய், அங்கே மறுபடியும் கவுன்ட்டர் வரிசையில் நிற்க வேண்டும். ரயில் ஓடுவது சில நிமிடமே என்றாலும், அதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சியில் விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பினாலே எல்லாம் தலைகீழாகிவிடும்.

இன்னொன்று. இரண்டு டிக்கெட் என்றால் நீங்கள் மலேசியாவுக்குள் நுழைந்துதான் மாற முடியும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து அங்கே விசா விலக்கு இருக்கிறது. ஆனால் மின்னணு வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். மாறிச் செல்பவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, வரிசையில் நின்றபடி செல்போனில் நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏர் ஏசியாவிலேயே பாலி வரை 'ஃப்ளை-த்ரூ' என்ற இணைப்பு டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதில் பெட்டி திருச்சியிலிருந்தே பாலி வரை போய்விடும். கோலாலம்பூரில் இமிக்ரேஷன் இல்லை. டெர்மினல் மாற வேண்டியதும் இல்லை. எல்லாவற்றையும்விட, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் உங்களை ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. நான்கு பேருக்கு மிச்சமாகும் 24 ஆயிரம் ரூபாய் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் விமானம் தவறினால் அன்றைய விலையில் நான்கு புதிய டிக்கெட்டுகள் எடுக்க வேண்டியிருக்கும். அத்துடன் ஓர் இரவு விடுதிச் செலவும் சேரும். இரண்டு டிக்கெட்டில்தான் போவது என்று முடிவெடுத்தால், இடைவெளி குறைந்தது ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும்.

மதுரை–மும்பை, மும்பை–உதய்ப்பூர் இரண்டுமே இண்டிகோ. தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டேன். ஒரே நிறுவனம் என்பதால் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? கைப்பை மட்டுமே கொண்டுபோகிறேன். (மதுரை வாசகி)

நிறுவனம் ஒன்றாக இருப்பது போதாது, பி.என்.ஆர் எனும் பதிவு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பி.என்.ஆர் என்றால், கணினியைப் பொறுத்தவரை நீங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பயணிகள். முதல் விமானம் தாமதமானதற்கு அவர்களே காரணமாக இருந்தாலும், இரண்டாவதில் நீங்கள் 'வராத பயணி' என்றே பதிவாகும். பணியில் இருப்பவர் மனம் வைத்து உதவலாம். அதை உரிமையாகக் கேட்க முடியாது.

கைப்பை மட்டும் என்பதும், வெப் செக்-இன் செய்துகொள்ள முடியும் என்பதும் உங்களுக்குப் பெரிய சாதகம். ஆனால் இரண்டு டிக்கெட்டிலும் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். மும்பையில் டெர்மினல் 1 சாந்தாகுரூஸ் பக்கமும், டெர்மினல் 2 சஹார் பக்கமும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நகரச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை மறுபடியும் உண்டு. இரண்டும் ஒரே டெர்மினல் என்றால் இரண்டரை மணி நேரம் போதும். வேறு வேறு என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேண்டாம்.

முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் இந்திய விதிகளின்படி என்ன கிடைக்கும்? (சேலம் வாசகர்)

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வின் விதி ஒரே டிக்கெட் எண்ணில் பதிவான இணைப்பைத்தான் இணைப்பாகக் கருதுகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் விமானம் ரத்தானாலோ, ஒரே டிக்கெட்டில் இருந்த இணைப்பு தவறினாலோ, பறக்கும் நேரம் ஒரு மணி வரை உள்ள பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 என இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும். புயல், மூடுபனி போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.

இரண்டு டிக்கெட் வைத்திருப்பவருக்கும் கிடைக்கக்கூடியது ஒன்று உண்டு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காத்திருப்பவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது டிக்கெட்டின் நட்டத்தை மட்டும் யாரும் ஈடுசெய்ய மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து வேறு டிக்கெட்டில் சிங்கப்பூர் போகலாமா? சென்னையில் வெளியே வரப்போவதில்லை. (யாழ்ப்பாண வாசகர்)

வெளியே வராமல் இருக்க முடியாது. டிக்கெட் வேறு என்றால், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நீங்கள் இமிக்ரேஷனைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இந்திய விசா வேண்டும். அது இல்லையென்றால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலேயே ஏற்ற மறுக்கலாம். விசாவைப் பெற்றுக்கொண்டு வாருங்கள், அல்லது முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுத்து, பெட்டி சிங்கப்பூர் வரை போகுமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

டப்ளினில் வேலை பார்க்கிறேன். ரயன்ஏரில் பாரிஸ் போய், அங்கிருந்து ஊருக்கு வரும் விமானத்தைப் பிடிக்க எண்ணுகிறேன். (டப்ளின் வாசகர்)

ரயன்ஏர் 'பாரிஸ்' என்று விற்பது போவே விமான நிலையம். அது பாரிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஊருக்கு வரும் விமானம் சார்ல்ஸ் டி கோல் நிலையத்திலிருந்து புறப்படும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லாததால், அந்நாட்டு வசிப்பிட அனுமதி கையில் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். டப்ளினிலிருந்தே ஒரே பதிவில் எடுத்தால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் விலகும். நிறுவனத்தின் தவறால் ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால், ஐரோப்பிய விதிப்படி 600 யூரோ வரை இழப்பீடும் கேட்கலாம்.

முதல் விமானம் எந்த நேரத்தில் இருந்தால் தாமதம் குறைவு? தாமதம் என்று தெரிந்தவுடன் என்ன செய்வது? (கோவை வாசகி)

காலையின் முதல் விமானம். பட்ஜெட் நிறுவனங்கள் ஒரே விமானத்தை நாள் முழுவதும் நிறுத்தாமல் ஓட்டுகின்றன. வந்து இறங்கியதற்கும் மறுபடி கிளம்புவதற்கும் நடுவே அரை மணி நேரம் மட்டுமே விடுவதும் உண்டு. காலையில் எங்கோ ஏற்பட்ட இருபது நிமிடத் தாமதம் ஒவ்வோர் ஊராகக் கூடிக்கொண்டே வந்து, மாலையில் உங்கள் ஊரில் ஒன்றரை மணி நேரமாக நிற்கும். டிசம்பர், ஜனவரியில் தில்லி வழியாக மாறுவதாக இருந்தால் மூடுபனியால் இந்தக் கணக்கும் உதவாது. அங்கே நண்பகலுக்குப் பிந்தைய விமானமே நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலும் காலை விமானக் கணக்கு உதவாமல் போகலாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

தாமதம் என்று தெரிந்தால், ஏறுவதற்கு முன்பே செயல்பட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருடன் இரண்டு டிக்கெட்டில் போனபோது, முதல் விமானம் 50 நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஏறிவிட்டேன். அங்கே இறங்கி, அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தபோது பெல்ட் நின்றிருந்தது. பணியில் இருந்த பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். புறப்பட இன்னும் 57 நிமிடம் இருந்தது, கவுன்ட்டர் மூடி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. கிளம்பிய ஊரிலேயே இரண்டாவது டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றியிருந்தால், மாற்றுக் கட்டணமும் கட்டண வேறுபாடும் மட்டுமே போயிருக்கும். 'வராத பயணி' என்று பதிவான பிறகு மாற்றவும் வழியில்லை. அதே பதிவில் இருந்த திரும்பும் பயணமும் ரத்தாகலாம்.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாளே இரண்டாவது நிறுவனத்தின் செயலியைத் திறந்து, எத்தனை மணி நேரம் முன்பு வரை தேதி மாற்றலாம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு அரை மணி முன்பாக அலாரமும் வைத்துவிடுங்கள்.