திருவருகைக் காலம்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

நான் மறைக்கல்வி ஆசிரியை. இங்கே சொல்வதெல்லாம் கத்தோலிக்க இலத்தீன் வழிபாட்டு முறைப்படி.

திருவருகைக் காலம் எந்தத் தேதியில் தொடங்கும்?

நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாள் ஞாயிறோ அன்று. எல்லா வருடத்துக்கும் இதே கணக்குதான்.

கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் காலம் என்கிறார்கள். ஆனால் முதல் ஞாயிறே உலக முடிவைப் பற்றி வாசகம் வருகிறதே? பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். இந்தக் காலத்தின் பொருள் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

நாம் காத்திருப்பது இரண்டு வருகைகளுக்கு. டிசம்பர் 16 வரை, இறுதி நாளில் மாட்சியோடு வரப்போகிறவர் மீதுதான் வழிபாட்டின் கண் இருக்கும். 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்பும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில், ஆண்டுக்கு ஒரு நற்செய்தி என வருகின்றன. அதனால்தான் முதல் ஞாயிறு மத்தேயு ஆண்டில் நோவா காலத்து வெள்ளமும், மாற்கு ஆண்டில் வீட்டுத் தலைவருக்காக விழித்திருக்கும் காவலாளியும், லூக்கா ஆண்டில் கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்களும் வருகின்றன. அடுத்த இரண்டு ஞாயிறும் திருமுழுக்கு யோவான். மரியாவும் யோசேப்பும் முன்னே வருவது நான்காம் ஞாயிறில்தான்.

பிள்ளைகளுக்கு லூக்கா 21:28-ஐ வாசித்துக் காட்டுங்கள். அந்த அடையாளங்களைக் கண்டதும் ஒளிந்துகொள்ளச் சொல்லவில்லை இயேசு. தலைநிமிர்ந்து நிற்கச் சொல்கிறார், மீட்பு நெருங்குகிறது என்பதால். வரப்போகிறவர் நம்மை நேசிப்பவர் என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

ஊதா உடை போடுவதால் இதுவும் தவக்காலம் போலத்தானே?

இல்லை. வானவர் கீதத்தை (‘உன்னதங்களிலே’ பாடலை) விட்டுவிடுகிறோம், அல்லேலூயாவை விடுவதில்லை. தவக்காலத்தில் அல்லேலூயாவே கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நோன்பு கட்டாயமா?

நமக்குத் தனியாகக் கட்டாய நோன்பு இல்லை. கேரளத்து சீரோ மலபார் சபையினர் (கிழக்கத்திய வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்) டிசம்பர் 1 முதல் நோன்பிருக்கிறார்கள். விரும்பினால் நீங்களும் இருக்கலாம்.

மெழுகுவர்த்தி வளையம் எங்கிருந்து வந்தது?

1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் வீகர்ன் என்ற லூத்தரன் போதகர், தம் இல்லத்து ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றினார். நம்முடைய மூன்று ஊதாவும் ஒரு ரோஜா நிறமும் பிற்பாடு வந்த வழக்கம். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு.

டிசம்பர் முதல் வாரமே கேரல் ரவுண்ட்ஸ் போவது சரியா?

எனக்கு உடன்பாடில்லை. 25-ஆம் தேதிதான் கிறிஸ்து பிறப்புக் காலமே தொடங்குகிறது. ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. நாம் அதற்குள் பாடி ஓய்ந்துவிடுகிறோம்.

(நாகர்கோவில் வாசகர்) நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை. உங்களோடு உடன்பட மாட்டேன், அக்கா. வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் லீவு முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். வருடம் முழுக்கக் கோயில் பக்கம் வர முடியாத வயசானவர்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் போகிறோம்.

தம்பி, அந்த வயசானவர்களைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் பையன்கள் ஊருக்கு வருவதே கடைசி வாரத்தில்தானே? அப்படியானால் 17-க்குப் பிறகு வையுங்கள்.

(அதே வாசகர்) எங்கள் சபையில் அத்தனை வீட்டுக்கும் ஒரே வாரத்தில் போக முடியாது.

அப்போ முதல் வாரங்களில், கோயிலுக்கு வர முடியாத அந்த வயசானவர்கள் வீட்டுக்கு மட்டும் போங்கள். டிரம்ஸ் வேண்டாம், எசாயாவிலிருந்து ஒரு பகுதி, ஒரு காத்திருப்புப் பாடல், ஒரு ஜெபம். மற்ற வீடுகளுக்குக் கடைசி வாரம். இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

(மூன்று பேர்) இந்த வருடம் எந்தத் தேதி?

முதல் பதில். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தக் காலத்தில் கல்யாணம் வைக்கலாமா?

பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

டிசம்பர் 24 ஞாயிறாக வந்தால் ஒரே பூசை போதுமா?

போதாது. 2023-இல் அப்படி வந்தது. ஞாயிறுக்கு ஒன்று, கிறிஸ்து பிறப்புக்கு ஒன்று என இரண்டு திருப்பலியில் பங்கேற்க வேண்டும். 24 மாலையோ இரவோ நடக்கும் பூசைக்குப் போனால் 25-க்கான கடமை நிறைவேறிவிடும்.