அதிபராகவே இருந்திராத அலெக்சாண்டர் ஹாமில்டனின் படம் அமெரிக்காவின் 10 டாலர் நோட்டில் இடம்பெற்றது ஏன்?

அந்த நோட்டுக்கும் அதற்குப் பின்னாலுள்ள நிதியமைப்புக்கும் அடித்தளமிட்டவர் அவர் என்பதே காரணம். கரீபியத் தீவான நெவிசில் பிறந்து, இளவயதிலேயே தாயை இழந்து, வணிக நிறுவனமொன்றில் எழுத்தராக வேலை பார்த்த அவர், விடுதலைப் போரில் வாஷிங்டனின் உதவியாளராகி, 1789-இல் நாட்டின் முதல் நிதியமைச்சரானார்.

போர்க்காலத்தில் மாநிலங்கள் பட்டிருந்த கடனை மைய அரசே ஏற்க வேண்டும் என்று 1790-இல் அவர் முன்வைத்த திட்டத்தை, தம் கடனைப் பெருமளவு அடைத்துவிட்டிருந்த வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் கடுமையாக எதிர்த்தன. தலைநகரைப் போட்டோமாக் ஆற்றங்கரையில் அமைக்க அவர் இணங்கிய பின்னரே வர்ஜீனியாவின் தலைவர்களான ஜெஃபர்சனும் மாடிசனும் வழிவிட்டனர். கடன் கொடுத்த செல்வந்தர்களின் நலனைப் புதிய அரசின் நிலைபேற்றோடு பிணைத்ததுதான், என் பார்வையில், இதிலுள்ள உண்மையான சாமர்த்தியம்.

1791-இல் தேசிய வங்கி தொடங்கப்பட்டபோது, வங்கி தொடங்கும் அதிகாரம் அரசியலமைப்பில் வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும், சொல்லப்பட்ட அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையானவை அவற்றுள் அடங்கியவையே என்று அவர் வாதிட்டார். 1819-இல் உச்ச நீதிமன்றம் இதே கருத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆனால் அதைக் காண அவர் இல்லை. 1804 ஜூலையில், பதவியிலிருந்த துணை அதிபர் ஆரன் பர்ருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு, மறுநாள் இறந்திருந்தார்.