பத்துக்குப் பத்து அறையில் ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

கேள்வி: சார், கையில் இருபதாயிரம் இருக்கு. வாடகை வீடு, பத்துக்குப் பத்து ரூம், வெறும் சுவர், டைல்ஸ் தரை. பாட்டு கேட்க ஹெட்ஃபோன் வாங்கவா, ஸ்பீக்கர் வாங்கவா?

பதில்: ஹெட்ஃபோன். இருபதாயிரத்துக்கு நல்ல ஸ்பீக்கரும் கிடைக்கும், ஆனால் உங்கள் அறை அதைப் பாட விடாது.

10 அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்துவது, நம்மூர் வெயிலில், சுமார் 57 ஹெர்ட்ஸில். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே 57 கூடி முழங்கும். தளமும் 10 அடி உயரம் என்றால் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும். யாரிடமாவது ஐந்து இஞ்ச் ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) உள்ள ஸ்பீக்கரை இரவல் வாங்கி மூலையில் வையுங்கள். ஒரே அலைவரிசையை மட்டும் ஒலிக்கும் டோன் ஜெனரேட்டர் செயலியில் 57 வைத்து ஓடவிட்டு அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். சுவரில் சாய்ந்தால் காதை அடைக்கும். நட்டநடுவில் நின்றால் யாரோ ஸ்பீக்கரை அணைத்துவிட்ட மாதிரி இருக்கும். பேஸ் கிட்டார் ஒரு சுரத்தில் கத்துவதும் அடுத்த சுரத்தில் காணாமல் போவதும் இதனால்தான். ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரால் மேட்டைத் தட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் அந்த இடத்தில் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஹெட்ஃபோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. சத்தம் வெளியே போனால் பரவாயில்லை என்றால் பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக், ஒரே அறையில் வேறு யாராவது தூங்குவார்கள் என்றால் பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு பேக்.

கேள்வி: அண்ணா, ஹெட்ஃபோன்ல பாட்டு மண்டைக்குள்ளயே கேட்குது, எதிர்ல மேடை மாதிரி வரமாட்டேங்குது. இன்னும் விலை கூடினது வாங்கினா சரியாகுமா?

பதில்: ஆகாது. இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதோடு நிற்பதில்லை. தலையைச் சுற்றி, கால் மில்லிநொடி பிந்தி, மேல் அலைவரிசைகள் கொஞ்சம் மழுங்கி வலது காதுக்கும் வருகிறது. ‘எதிரில் இருக்கிறது’ என்று மூளை கணக்குப் போடுவதற்கு இது முக்கியமான தடயம். ஹெட்ஃபோன் இந்தப் பாதையை அடைத்துவிடுகிறது.

இதற்கு கிராஸ்ஃபீட் என்ற மென்பொருள் வசதி இருக்கிறது, ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் மழுக்கி மறுபக்கத்திலும் கலந்து தரும்; ஃபூபார்2000 என்ற கணினி இசைச் செயலியில் இலவசமாகச் சேர்க்கலாம். 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபெல் என்று தொடங்குங்கள். வயலின் முழுக்க ஒரு காதில், கிட்டார் முழுக்க இன்னொரு காதில் என்று பிரித்து வைத்த பழைய ஸ்டீரியோ பதிவுகளில் தலைவலியே குறையும். மோனோ பதிவுகளில் போட்டு ஒரு பயனும் இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றேதானே.

கேள்வி: வயது அறுபத்து மூன்று, கண்ணாடி போடுகிறேன். கச்சேரிதான் கேட்பேன். பேரன் வாங்கித் தந்த இயர்ஃபோனில் மிருதங்கத்தின் தொப்பி வரவே மாட்டேன் என்கிறது. தம்புராவும் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது.

பதில்: ஐயா, இயர்ஃபோன் மேல் பழி போடும் முன் ஒரு சோதனை. மிருதங்கத் தனி ஓடும்போது இரண்டு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். தொப்பி, அதாவது இடக்கைப் பக்கத்துக் கனத்த ஒலி, திடீரென்று எழுந்தால் ரப்பர் முனை காதை அடைக்கவில்லை என்று அர்த்தம். சின்ன இடைவெளி இருந்தாலும் கீழ்ச் சுரங்கள் கசிந்துவிடும். பெட்டியில் உள்ள பெரிய முனையை மாட்டுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை, இடதுக்கு நடுத்தரம் வலதுக்குப் பெரிது என்பது சாதாரணம். காதை மூடும் ஹெட்ஃபோனுக்கு மாறினால் கண்ணாடிக் கால் மெத்தையைத் தூக்கி இதே கசிவைத் தரும்.

ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரிக்கு, காது வேர்க்காமல் இருக்க, உங்களுக்கு ஸ்பீக்கரைத்தான் சொல்வேன். நாற்காலிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் மேசைமேல் இரண்டு சின்னப் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது). பக்கத்தில் உட்காரும்போது அறையின் எதிரொலியைவிட நேரடி ஒலி ஓங்கும், தம்புராவும் மேலே வரும். மின்விசிறியை இரண்டு புள்ளி குறைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: 12-க்கு 16 அடி ஹால். டிவி ஷோகேஸ் தட்டில் இரண்டு பக்கமும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். பேஸ் குமுகுமுன்னு இருக்கு, குரல் தெளிவே இல்லை. சப்ஊஃபர் சேர்க்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம், அது எரிகிற தீயில் எண்ணெய். முதலில் ஷோகேஸை விட்டு வெளியே எடுங்கள். பெயர்தான் புக்‌ஷெல்ஃப், தட்டுக்குள் வைத்தால் அந்தத் தட்டே இன்னொரு பெட்டியாகி முழங்கும்.

12 அடிச் சுவர் ஒன்றின் முன்னால் ஸ்டாண்டில் வையுங்கள். ட்வீட்டர், அதாவது மேல் சுரங்களைத் தரும் சின்னக் கூம்பு, உங்கள் காது மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்தில். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் என்றால் நீங்கள் உட்காருவதும் இரண்டிலிருந்தும் 2 மீட்டர். பின்சுவருக்கும் ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் உள்ள தூரம் ஒரு பள்ளத்தை உண்டாக்கும்: 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ் பக்கம், 60 செ.மீ. என்றால் 144 பக்கம். முழுதாகத் தப்ப வழியில்லை; பத்துப் பத்து செ.மீ. நகர்த்தி, ஆண் குரல் எங்கே கனமாகவும் தெளிவாகவும் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பின்பக்கம் துளை இருக்கும் ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், துளையில் சுருட்டிய காலுறையைச் செருகிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சில நிறுவனங்கள் இதற்கென்றே ஸ்பாஞ்ச் அடைப்பான் சேர்த்துத் தருகின்றன.

டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் விரியுங்கள். அப்புறம் டோன் ஜெனரேட்டரில் 30-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே, இன்னொருவரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள்: ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கம்பி, முக்கியமாக இரும்பு பீரோ. ‘ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் பலருக்கு அதிர்வது பீரோ கைப்பிடிதான்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினா ரூம் சரியாகுமா?

பதில்: ஆகாது. கை தட்டினால் வரும் ‘ட்ரிங்’ கொஞ்சம் குறையும், பேஸைத் தொடக்கூட முடியாது. தீப்பிடிக்கவும் வாய்ப்பு. 100 மி.மீ. கனத்தில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகையைத் துணி சுற்றி மூலைகளில் நிறுத்தினால்தான் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: 86 டெசிபெல் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் அவசியமா?

பதில்: 1 வாட்டில் 1 மீட்டரில் 86. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 8 குறையும், இரண்டாவது ஸ்பீக்கரால் 3 கூடும், ஆக 81. 20 வாட் கொடுத்தால் 13 கூடி 94 டெசிபெல் உச்சம். வீட்டுக்கு இது தாராளம். 100 வாட் வாங்கினாலும் மேற்கொண்டு கிடைப்பது 7 டெசிபெல்தான்.

கேள்வி: லேப்டாப் சார்ஜர் செருகினதும் பவர்டு ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு இரைச்சல். பிடுங்கினா போயிடுது.

பதில்: கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் கேபிள் வழியே ஒரு வளையமாகி இரைவது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். போகவில்லை என்றால் ஆடியோ கேபிளுக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி. யார் சொன்னாலும் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்ஃபோன் மொபைல்ல அருமையா இருக்கு. ஆபீஸ் லேப்டாப்ல அதே பாட்டு பழைய டெலிபோன் மாதிரி கேட்குது. ஹெட்ஃபோன் பழுதா?

பதில்: பழுதில்லை. மீட்டிங் செயலி ஏதோ ஒன்று மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைக் திறந்ததும் புளூடூத் இசை முறையிலிருந்து அழைப்பு முறைக்கு மாறி, மோனோவாக, மேல் அலைவரிசைகளை வெட்டிவிடும். செயலியின் ஆடியோ அமைப்பில் மைக்கை லேப்டாப்பின் சொந்த மைக்காக மாற்றுங்கள், ஹெட்ஃபோனை ஒலிக்கு மட்டும் வையுங்கள்.

கேள்வி: 300 ஓம் ஹெட்ஃபோன் மொபைலில் ஓடுமா? சென்ஹைசர் எச்டி 600 பழையது ஒன்று கிடைக்கிறது.

பதில்: 1997-இல் வந்த மாடல், இன்றும் உதிரி பாகம் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். ஓம் என்பது மின்தடை, அது கூடினால் அதிக வோல்ட் வேண்டும். இது 1 வோல்ட்டில் 97 டெசிபெல். மொபைலில் செருகி ஹெட்ஃபோன் மாட்டும் சின்ன டாங்கிள் 1 வோல்ட் தந்தால் மிதமாகக் கேட்பவருக்குப் போதும். சத்தம் குறைவாகப் பதிந்த கச்சேரிகளுக்கு 3, 4 வோல்ட் தரும் தனி ஆம்ப் வேண்டும். பழையது என்றால் காது மெத்தையைப் பாருங்கள். தட்டையாகியிருந்தால் ஒலியே மாறிவிடும், மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: பையனுக்கு 14 வயசு, நாள் முழுக்க ஹெட்ஃபோன்தான். எவ்வளவு நேரம் விடலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வரையறையில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75-இல் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 78 என்றால் 20 மணி, 81 என்றால் 10, 84 என்றால் 5. பேருந்தில்தான் கை தானாக வால்யூமுக்குப் போகும், இன்ஜின் இரைச்சலை மிஞ்ச வேண்டுமே. அங்கே மட்டும் நாய்ஸ் கேன்சலிங் உள்ளதை வாங்கிக் கொடுங்கள், கீழ் அலைவரிசை உறுமலை அது நன்றாகவே விழுங்கும். ஃபோனில் அதிகபட்ச ஒலி வரம்பையும் வைத்துவிடலாம். கழற்றிய பிறகு காதில் ‘ங்ஙொய்’ என்கிறது என்று பையன் சொன்னால் வரம்பு ஏற்கெனவே தாண்டியாயிற்று.

கேள்வி: புதுசா ஒயர் மாட்டினேன். பேஸ் செத்துப்போச்சு, பாடகர் குரல் நடுவுல நிக்காம ரூம் முழுக்க அலையுது.

பதில்: ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. ஆம்ப்பிலிருந்து இரண்டு ஒயரையும் கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள், பாசிட்டிவ் சிவப்பு ஒயரில். ஊஃபர் வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் அந்த ஒயரைத்தான் திருப்பி மாட்ட வேண்டும்.