சவரக்கத்திக் கல்லைச் சமப்படுத்த எந்த வைரத் தட்டு? கேள்வி பதில்

சவரக்கத்தி தீட்டும் கற்களைச் சமப்படுத்த வைரத் தட்டு (வைரத் துகள் பதித்த உலோகத் தட்டு) வாங்கப்போகிற பலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. கிரிட் எண்ணைப் (துகளின் நுண்மையைச் சொல்லும் எண்; கூடக் கூட நுண்மை) பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானோ தட்டு எவ்வளவு சமம் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: என் கல் நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. சமையல் கத்தி அதில் நன்றாகத்தான் தீட்டப்படுகிறது. சவரக்கத்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்?

சமையல் கத்தியின் கோணத்தை உங்கள் கை பிடிக்கிறது. கல் கொஞ்சம் வளைந்திருந்தாலும் கை ஈடுகட்டிவிடும். சவரக்கத்தி அப்படியில்லை. முதுகும் கூர்முனையும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்கும். கோணத்தை முதுகின் தடிமன்தான் முடிவு செய்கிறது, பெரும்பாலும் 16, 17 டிகிரி அளவில். கையால் திருத்த வழியில்லை. அலகு ஏறக்குறைய 3 அங்குல நீளம், கல்லும் ஏறக்குறைய 3 அங்குல அகலம். அந்த அகலத்தில் கல் குழிந்திருந்தால் அலகின் இரு கோடிகளும் தேயும், நடுப்பகுதி கல்லையே தொடாது. கத்தி ஓரிடத்தில் வழிக்கும், இன்னோர் இடத்தில் முடியைப் பிடித்து இழுக்கும்.

கேள்வி: தட்டுகள் 140, 400, 1200 கிரிட் என்று இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும். எது?

400. டிஎம்டி நிறுவனத்தின் தட்டு வாங்குவதானால் கோர்ஸ் (கரடான வகை), அதாவது 325 மெஷ், துகள் அளவு 45 மைக்ரான்.

1000 கிரிட் கல்லிலிருந்து 12000 வரை இந்த ஒன்றே போதும். 140 வேகமாக வேலை செய்யும். ஆழமாகக் குழிந்த பழைய கல்லைச் சரிசெய்ய அருமையானது. ஆனால் மென்மையான 8000 கல்லில் அது போடும் கோடுகள் ஆழமானவை, கத்தியை நகர்த்தும்போது கையிலேயே தெரியும். 1200-இல் வேறு தொல்லை: நுண்ணிய கல்லின்மேல் நுண்ணிய தட்டை வைத்துத் தேய்த்தால் இடையில் உள்ள நீர் இரண்டையும் ஒட்டவைத்துவிடும். இழுத்துப் பிரிக்கும் வேகத்தில் கல் கைதவறி விழவும் கூடும்.

கேள்வி: அட்டோமா தட்டா, டிஎம்டி தட்டா? இரண்டு பிராண்டையும் புகழ்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

என் தேர்வு அட்டோமா 400. அதில் வைரத் துகள்கள் சிறு சிறு புள்ளிக் கூட்டங்களாக, வரிசையாகப் பதிந்திருக்கும். இடைவெளி வழியாக நீரும் கல் சேறும் ஓடிவிடுவதால் ஒட்டுவது குறைவு. தேய்ந்துபோனால் மேல் தகட்டை மட்டும் உரித்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். அடியில் உள்ள அலுமினியப் பலகை அப்படியே இருக்கும்.

டிஎம்டியின் 8 அங்குல கோர்ஸ் தட்டும் நல்லதுதான், பலர் நெடுங்காலமாக அதையே நம்பியிருக்கிறார்கள். ஆனால் மேற்பரப்பு முழுக்க வைரம் என்பதால் நுண்ணிய கற்களில் ஒட்டும். நிறைய நீர் விட்டுச் சமாளிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் டயா-ஃப்ளாட் கல் சமப்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. பல கற்களை அடிக்கடி சமப்படுத்துபவருக்கு அது பொருந்தும்.

எதை வாங்கினாலும் கல்லைவிடச் சிறிய தட்டு வேண்டாம். சிறிய தட்டு குழிக்குள் இறங்கிக் குழியோடேயே போகும், கல் சமமாகாது.

கேள்வி: கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டுத் தட்டால் தேய்த்தேன், எல்லாக் கோடும் அழிந்துவிட்டது. கல் சமம்தானே?

கல் உங்கள் தட்டின் வடிவத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தட்டு சமமாக இருந்தால் கல்லும் சமம். பெயர் தெரியாத மலிவுத் தட்டுகளில் சிக்கல் வருவது இங்கேதான்.

தட்டைச் சோதிக்க முதலில் நல்ல ஸ்டீல் ஸ்கேலை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை. எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம்.

அப்புறம் இன்னும் நுட்பமான சோதனை ஒன்று உண்டு. ஒரே தட்டில் இரண்டு கற்களைச் சமப்படுத்துங்கள். இரண்டிலும் மறுபடி பென்சில் கட்டம் போட்டு, முகத்தோடு முகம் வைத்து லேசாகத் தேயுங்கள். தட்டு நடுவில் புடைத்திருந்தால் இரண்டு கல்லும் குழிந்திருக்கும். ஓரக் கோடுகள் அழிந்து நடுக் கோடுகள் தங்கிவிடும். தட்டு குழிந்திருந்தால் நடுவில் மட்டும் அழியும். இரு கல்லின் பிழையும் கூடி இரட்டிப்பாகத் தெரிவதால் ஸ்கேலில் தப்பியதும் இதில் மாட்டும். இதில் தேறிய தட்டு மலிவானதாக இருந்தாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: புதுத் தட்டு 8000 கல்லில் கண்டபடி கீறல் போடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

அவசரப்படாதீர்கள். புதுத் தட்டில் சில துகள்கள் மற்றவற்றைவிடத் தூக்கலாக நிற்கும், சில சரியாகப் பதியாமல் இருக்கும். முதலில் 1000 போன்ற கரடான கல்லில் நன்றாகப் பழக்குங்கள், கீறல் அடங்கும். கழன்ற துகள் ஒன்று நுண்ணிய கல்லில் புதைந்தால் கத்தி முனையைக் கெடுத்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் கல்லையும் தட்டையும் ஓடும் நீரில் கழுவுங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை சமப்படுத்த வேண்டும் சார்? எப்படித் தேய்ப்பது?

வாட்டர்ஸ்டோன் (நீர் விட்டுத் தீட்டும் கல்) என்றால் தீட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும். அடிக்கடி செய்தால் சில தேய்ப்புகளில் முடிந்துவிடும். நீர் விட்டு, தட்டின் எடையோடு கொஞ்சம் மட்டும் அழுத்துங்கள். வைரத்தை நிக்கல் பூச்சுதான் பிடித்திருக்கிறது. பலமாக அழுத்தினால் துகள் பெயர்ந்துவிடும். தட்டு கல்லுக்கு வெளியே வெகுதூரம் போகும்படி நீளமாக இழுத்தால் கல்லின் ஓரங்கள் கூடுதலாகத் தேய்ந்து நடு மேடாகும். குறுகிய தேய்ப்பு, அவ்வப்போது தட்டைத் தலைமாற்றிப் பிடிப்பது. கடைசியில் கல்லின் நான்கு ஓரங்களையும் லேசாகச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். கூரான ஓரம் கத்தியில் சில்லு பெயர்க்கும்.

கேள்வி: அர்கன்சாஸ் கல்லை (அமெரிக்க இயற்கைத் தீட்டுக்கல்) இதே தட்டில் தேய்க்கலாமா?

வேண்டாம். அது மிகக் கடினமான கல், தட்டைத் தின்றுவிடும். தடித்த கண்ணாடிப் பலகையில் சிலிக்கன் கார்பைடு தூளும் நீரும் போட்டு, கரடான தூளில் தொடங்கி நுண்ணிய தூள் வரை தேயுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அந்தக் கல் தேயவும் அவ்வளவு காலம் எடுக்கும் என்பதால் ஒருமுறை செய்ததே நெடுநாள் நிற்கும்.

கேள்வி: சில்லு போன சவரக்கத்தியை அதே 400 தட்டில் சரிசெய்யலாமா?

கூடாது. அந்த ஆழக் கீறல்களை எடுக்கவே நிறைய இரும்பைத் தேய்க்க வேண்டிவரும், அலகின் ஆயுள் வீணாகும். 1000 கல்லில் பொறுமையாகச் செய்யுங்கள்.

கேள்வி: என் அட்டோமா 1200 தேய்ந்து மழுங்கிவிட்டது. தூக்கி எறிய மனம் வரவில்லை.

எறியாதீர்கள். ஜப்பானிய இயற்கைக் கல்லில் குழம்பு (நீரும் கல் தூளும் கலந்த சேறு) எழுப்ப மழுங்கிய 1200 மிகப் பொருத்தம்; கல்லைக் குறைவாகத் தின்று நுண்ணிய குழம்பு தரும். சமப்படுத்தும் வேலைக்கு மட்டும் இனி அதை எடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் துணியால் ஒற்றி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள்.